‘படிப்பு ஏறவில்லை’ என்று சொல்வதற்கு முன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த மறுநாள் ஒரு தாய் பள்ளிக்கு வந்திருந்தார். தேயிலைக் கொழுந்து பறிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகன் ஒரே ஒரு பாடத்தில் தவறியிருந்தான். கணக்கு. “அவனுக்குப் படிப்பு ஏறவில்லை டீச்சர். ஃபாக்டரியில் சேர்த்துவிடுகிறேன்” என்றார். நானும் தலையாட்டினேன். அந்தக் கணக்குப் பாடத்தை நடத்துகிறவள் நான்தான்.

துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நீலகிரி மலையில் குந்தா பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் மணி அடிப்பது ஒன்பதரைக்கு. முதல் பாடவேளை கணக்கு. காலையில் பிள்ளைகளின் தலை தெளிவாக இருக்கும் என்று நானே பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்ட நேரம் அது. இந்தப் பையனின் வீடோ பஸ்ஸின் கடைசி நிறுத்தத்துக்கும் மேலே இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மூடுபனியானாலும் சாலையில் மரம் சாய்ந்தாலும், அவனுடைய பஸ் வந்து சேரப் பத்தேகால் ஆகிவிடும். இரண்டாம் பாடவேளையில் வந்தாலும் வருகைப் பதிவேட்டில் ‘வந்தான்’ என்றே பதிவாகும். பதிவேட்டைப் பார்த்தால் அவன் ஒழுங்காக வந்த பிள்ளை. என் பாடத்தை மட்டும் ஒரு பருவமழைக் காலம் முழுவதும் அவன் ஏறக்குறையக் கேட்டதே இல்லை. கணக்கு வராத பையன் என்று நான் எழுதி வைத்திருந்தேன். வராமல் போனது பஸ்.

பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு பிள்ளை தேறுவதையும் தவறுவதையும் எவையெல்லாம் தீர்மானிக்கின்றன என்று யாராவது கேட்டால் இந்தப் பையனிலிருந்துதான் தொடங்குகிறேன். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஆயத்தப் பதில்கள் இரண்டு உண்டு: ‘மூளை இருக்க வேண்டும்’, ‘அக்கறை இருக்க வேண்டும்’. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டுமே பிள்ளையை மட்டும் பார்க்கின்றன. அவன் வந்த பாதையைப் பார்ப்பதில்லை.

முதலில் வெற்றி என்றால் என்ன என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். கல்வி ஆய்வில் அது மதிப்பெண்ணோடு முடிவதில்லை. பள்ளியிலிருந்து நின்றுவிடாமல் இருப்பது, அடுத்த வகுப்புக்குப் போவது, சேர்ந்த பட்டப்படிப்பை முடிப்பது, கற்றது ஒரு வருடம் கழித்தும் நினைவில் நிற்பது எல்லாம் அதில் அடங்கும். இவற்றைத் தூக்கிவிடுகிற அல்லது இழுத்துப்பிடிக்கிற ஒவ்வொன்றையும் ‘காரணி’ என்கிறோம். வீடு, உணவு, தூரம், மொழி, ஆசிரியர், படிக்கும் முறை, பணம், நட்பு என்று அந்த வரிசை நீளும்.

கணக்கு டீச்சராகச் சொன்னால், இந்தக் காரணிகள் கூட்டலாக வேலை செய்வதைவிடப் பெருக்கலாக வேலை செய்வதுதான் அதிகம். கூட்டலில் ஓர் எண் பூஜ்யமானால் மற்றவை மிஞ்சும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் எல்லாமே போயிற்று. நல்ல ஆசிரியர், நல்ல புத்தகம், நல்ல மூளை மூன்றும் இருந்தாலும் பிள்ளை வகுப்பில் இல்லையென்றால் விடை பூஜ்யம்தான். இது வெறும் உவமை. இதற்கு வாய்பாடு ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கே தேடுவது என்பதை இந்த உவமை சொல்லிவிடுகிறது. ஏற்கெனவே பெரிதாக இருக்கும் எண்ணை இன்னும் பெரிதாக்குவதைவிட, பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பதே லாபம்.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் வயதுப் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பாடத்திட்டம் மாறவில்லை, ஆசிரியர்களும் மாறவில்லை, இரண்டு சக்கரங்கள் மட்டும் வந்தன. தமிழ்நாட்டிலும் பதினோராம் வகுப்பில் இலவசச் சைக்கிள் உண்டு. சமவெளிக்கு அது வரம். எங்கள் ஊரில் சைக்கிளில் பள்ளிக்கு இறங்கி வந்துவிடலாம். மாலையில் அதைத் தள்ளிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். ஓரிடத்தில் பலித்த மருந்தை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது நிலத்தின் சாய்வையும் பார்க்க வேண்டும். மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் பூட்ஸும் சைக்கிளைவிட எங்களுக்குக் கூடுதல் உபகாரம் செய்கின்றன. நனைந்த சாக்ஸோடு ஆறு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மழை என்றால் சாதாரண மழையல்ல. 2019 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட வாரங்களில் ஆட்சியர் விடுமுறை விடுவார். அது எல்லோருக்கும் பொதுவான இழப்பு. விடுமுறை விடாத நாளில் ஒருவனுக்கு மட்டும் பாதை அடைபட்டிருப்பதுதான் கணக்கில் வராத இழப்பு. பந்தலூர்ப் பக்கம் வேலை பார்த்த வருடங்களில் ‘யானை நின்றது டீச்சர்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். முதல் வாரம் சிரித்தேன். இரண்டாம் வாரம் நானே யானையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

வயிற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய் எட்டு மணிக்கு முன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். பிள்ளை வெறும் தேநீரோடு கிளம்பிவிடும். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. முதல் இரண்டு பாடவேளைகளில் கொட்டாவி குறைந்துவிட்டது என்று தொடக்கப் பள்ளித் தோழி ஒருத்தி சொன்னாள். நான் நம்புகிறேன்.

வீடு சற்றுச் சிக்கலான காரணி. அமெரிக்காவில் 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சம் மாணவர்கள் அளவுக்கு எடுத்த பெரிய ஆய்வு, பள்ளியின் கட்டடம், நூலகம், செலவு போன்றவற்றைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண் வேறுபாட்டை அதிகம் விளக்குகிறது என்று சொல்லிப் பரபரப்பை உண்டாக்கியது. அதைப் படித்த பலர் ‘அப்படியானால் பள்ளியால் ஒன்றும் ஆகாது’ என்று முடிவு கட்டினார்கள். அது அவசர முடிவு. 1983இல் ஹைன்மன், லாக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 29 நாடுகளின் தரவைப் பார்த்தபோது, ஏழை நாடுகளில் பள்ளியும் ஆசிரியரும் ஏற்படுத்தும் வேறுபாடு கூடுதல் என்று தெரிந்தது. யோசித்தால் இயல்புதான். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு உலகத்திலுள்ள புத்தகமெல்லாம் பள்ளியில்தானே இருக்கிறது?

இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. சிலருக்கு வீடு என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் ஓர் அறை. அங்கேதான் அடுப்பு, அங்கேதான் டிவி, அங்கேதான் தாத்தாவின் இருமல். ‘வீட்டில் படிக்கவில்லையா?’ என்று கேட்பதற்கு முன் எங்கே உட்கார்ந்து படிப்பாய் என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அதே சமயம், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி தினமும் பேத்தியிடம் ‘இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எனக்குச் சொல்’ என்று கேட்பாராம். அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். பாட்டிக்குத் தெரியாமலே அவர் செய்தது மிகச் சிறந்த பயிற்சி. எப்படி என்று கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

பணக் கஷ்டம் புத்தகம் வாங்குவதை மட்டும் தடுப்பதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அதே ஆள், அதே மூளை. கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் யோசனைத் திறன் சோதனையில் அவர்கள் குறைவாகவே எடுத்தார்கள். கவலை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பச்சைத் தேயிலை விலை இறங்கும் மாதங்களில் எங்கள் வகுப்பறையிலும் இதைப் பார்க்கிறேன். கிலோவுக்கு என்ன விலை என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது பொது அறிவு என்று மகிழ்வதற்கில்லை.

மொழி. நீலகிரியில் இதைத் தாண்டிப் போக முடியாது. இங்கே ஒரு வகுப்பில் வீட்டு மொழி படுகம், மலையாளம், கன்னடம், பணியர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் மொழி என்று எதுவாகவும் இருக்கலாம். பள்ளி மொழி தமிழ். ‘பால்’ என்ற பாடச் சொல்லைப் படுகப் பிள்ளை ‘ஹாலு’வாக அறிந்திருக்கும், பத்து அதற்கு ‘ஹத்து’. இந்த அளவு தூரத்தைப் பிள்ளைகள் சட்டென்று தாண்டிவிடுவார்கள். பணியர் குடியிருப்பிலிருந்து முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அது அவ்வளவு எளிதல்ல. டீச்சர் பேசுவது புரியாமல் அந்தப் பிள்ளை மூன்று மாதம் வாய் திறக்காது. ‘மந்தம்’ என்று ஒரு சொல் அதன் மேல் விழுந்துவிடும். அந்தச் சொல்லைக் கழற்றப் பிறகு பத்து வருடம் ஆகும். கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளி போன்ற முயற்சிகள் பிள்ளையின் சொந்த உலகத்திலிருந்தே தொடங்குவதன் காரணம் இதுதான்.

தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இதே கதை பதினெட்டு வயதில் திரும்ப நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எண்பது சதவீதம் எடுத்தவள் முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைப்பாள். வேதியியல் அவளுக்கு மறந்துவிடவில்லை. ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்வதிலேயே பாதி சக்தி போய்விட, வேதியியலுக்கு மீதிதான் கிடைக்கிறது. இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் ‘நான் லாயக்கில்லை’ என்று அழுதிருக்க மாட்டாள்.

இனி, பிள்ளையின் கையிலேயே இருக்கிற காரணிக்கு வருவோம்: படிக்கும் முறை. இதைப் பற்றித்தான் எங்கள் பள்ளிகளில் மிகக் குறைவாகப் பேசுகிறோம். ‘படி, படி’ என்போம். எப்படி என்று சொல்வதில்லை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்களுக்கு ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது எழுத்துகள் பழகிப்போகின்றன. பழகியதைத் தெரிந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. நினைவிலிருந்து எடுக்க முயலும்போதுதான் எது தெரியாது என்பது வெளியே வருகிறது. அந்த முயற்சியே நினைவை உறுதிப்படுத்துகிறது. மேலே சொன்ன பாட்டி செய்தது இதுதான்: பேத்தியைத் தினமும் புத்தகமில்லாமல் ஒப்பிக்க வைத்தார், அதுவும் சொந்த வார்த்தையில்.

என் வகுப்பில் இதைச் செய்ய எனக்கு ஐந்து நிமிடம் போதும். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்வேன். கிழிந்த தாளில் ‘இன்று செய்த கணக்கில் முதல் படி என்ன, ஏன்?’ என்று எழுதச் சொல்வேன். மதிப்பெண் கிடையாது, பெயரும் எழுத வேண்டாம். மறுநாளும், அடுத்த வாரமும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பேன். இடைவெளி விட்டுக் கேட்பது முக்கியம். ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட ஐந்து நாளில் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது நிற்கும். ஜனவரியில் உறைபனி கொட்டும் நேரத்தில் நான்கு மணிக்குப் பிள்ளையை எழுப்பிப் போர்வைக்குள் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தூங்குவது. அந்த ஒன்றரை மணி நேரமும் படுத்தே தூங்கட்டும். பகலில் கற்றது மனதில் படிவதற்குத் தூக்கம் வேண்டும்.

‘மன உறுதிதான் எல்லாம்’ என்று பேசுகிறவர்கள் ஒரு மிட்டாய்க் கதையை விடாமல் சொல்வார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் சிறுவர்கள் முன் ஒரு மிட்டாயை வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு என்றார். பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்பது கதை. 2018இல் இன்னும் பெரிய, பலதரப்பட்ட குழுவை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. இரண்டாவது மிட்டாய் நிச்சயம் வரும் என்று அனுபவத்தில் கண்ட பிள்ளைதான் காத்திருக்கும். மன உறுதியை நான் மறுக்கவில்லை. அதற்கும் கீழே ஒரு தரை வேண்டும் என்கிறேன்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பும் ஒரு காரணி. 1968இல் அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் பொறுக்கிய சில பிள்ளைகளைப் பற்றி ‘இவர்கள் சீக்கிரம் மலரப் போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே முன்னேறினார்கள். அந்த ஆய்வைப் பற்றிச் சண்டை இன்னும் ஓயவில்லை. விளைவின் அளவு சிறியது என்பதே பொதுவான கருத்து. எனக்கு ஆய்வே தேவையில்லை. கடைசி பெஞ்சில் ஓர் இடம் மழைக்காலம் முழுவதும் முதல் பாடவேளையில் காலியாக இருந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். தாமதமாக வருகிறவன் என்று முத்திரை குத்திவிட்டு, பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் தாமதம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கல்லூரியில் வேறொரு காரணி முன்னுக்கு வருகிறது. மாணவர்கள் பாதியில் படிப்பை விடுவது ஏன் என்று 1975இல் வின்சென்ட் டிண்டோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விளக்கம் சொன்னார். அறிவுக் குறைவால் மட்டும் விடுவதில்லை. அந்த இடத்தோடு ஒட்டாததால் விடுகிறார்கள். பாடத்தோடு ஒட்டுதல் ஒன்று, மனிதர்களோடு ஒட்டுதல் இன்னொன்று. மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு இறங்கிப் போகும் பிள்ளைகளிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். விடுதியில் வெக்கை, மின்விசிறிச் சத்தம், பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் அறைத்தோழர்கள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்பான். 1955இல் தொடங்கிய ஊட்டி அரசு கலைக் கல்லூரி போல மலையிலேயே ஒரு கல்லூரி இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவனுக்கு இன்னொரு கஷ்டம்: எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது என்பது பலருக்கு நவம்பரில்தான் தெரிகிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் எதற்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதையெல்லாம் படித்த குடும்பத்துப் பிள்ளை சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துகொள்ளும். மற்றவர்களுக்கு ஓர் அண்ணனோ அக்காவோ ஆசிரியரோ வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஒரு பேராசிரியர் இருந்தால்கூடப் போதும் என்று என் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு பிள்ளை தவறினால் நான் இப்போது பார்க்கும் வரிசை இதுதான். வந்தானா, எத்தனை மணிக்கு வந்தான்? சாப்பிட்டானா? நான் பேசுவது புரிகிறதா? முந்தைய வகுப்புப் பாடம் கையில் இருக்கிறதா? எப்படிப் படிக்கிறான்? அக்கறை இருக்கிறதா என்பதைக் கடைசியில்தான் கேட்கிறேன். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருப்பதில்லை.

அந்தத் தாயிடம் ஃபாக்டரியை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொன்னேன். பையன் மதிய வேளைகளில் வந்து கணக்குப் போட்டான். துணைத் தேர்வில் 47 எடுத்தான். ஜூனில் தலைமையாசிரியரிடம் பேசிக் கணக்கை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றினோம். முதல் பாடவேளையை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டுமே என்று அதைச் சமூக அறிவியலுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சார் என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மழை தொடங்கிவிட்டது, அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பஸ்ஸை எட்டு மணிக்கு முன்பே கிளப்பச் சொல்லி மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் அவருடைய கையெழுத்தும் வேண்டும்.